ஒன்பதரை சென்டிமீட்டர்

யெலாவா துறைமுகத்தில் நான்காம் எண் கிரேனை ஸ்மில்யானா பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை இருக்கும். ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து, அவ்வளவோடு முடிந்துவிடும். அந்த வருடம் டாக்டர் ஒர்லிச் முத்திரையைக் கையில் எடுத்தவர், அதை மேசைமேல் வைத்துவிட்டு, எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார்.

பக்கவாட்டில் எடுத்த படம். மேல்முதுகு வில்லாக வளைந்திருந்தது. டாக்டர் பென்சிலால் இரண்டு கோடு போட்டுக் காட்டினார்.

"அறுபத்தாறு டிகிரி. நாப்பத்தஞ்சு வரைக்கும்னா பரவாயில்லன்னு விட்டுடுவோம். வலி இருக்கா?"

"இல்ல."

"ஏணி ஏறினா மூச்சு வாங்குதா?"

"நாப்பது மீட்டர் ஏணி டாக்டர். யாருக்குத்தான் வாங்காது?"

"கை ரெண்டையும் தலைக்கு மேல தூக்குங்க."

தூக்கினாள். கைகள் காதுவரை போகாமல் கன்னத்துக்கு நேரே நின்றுவிட்டன. தோள்பட்டைகளுக்கு நடுவே பழகிப்போன அந்த எரிச்சல் கிளம்பியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்ல உங்களுக்கு வரல ஷோரா" என்றார் டாக்டர். அந்தக் கடற்கரையில் மரியாதைக்குரிய பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். "ஆறு மாசத்துக்குத்தான் எழுதித் தரேன். அதுக்கப்புறம் மூணு டாக்டர் சேர்ந்து பார்ப்பாங்க. முன்னேற்றம் இல்லேன்னா கிரேனை விட்டு இறங்கிடணும். வாசல் கூண்டுல லாரிக்குச் சீட்டு கொடுக்குற வேலை தருவாங்க."

"முதுகக் கிழிச்சுக் கம்பி வைக்கணுமா?"

"இந்த அளவுக்கு வேணாம். நரம்பு எதுவும் நசுங்கல. பயிற்சிதான் மருந்து. தினமும் செய்யணும். பாதிப் பேர் மூணாவது வாரம் விட்டுடுவாங்க."

"நான் மத்த பாதி" என்றாள் ஸ்மில்யானா.

வீட்டில் அவள் கணவன் ம்லாதேன் மத்தி மீன் வறுத்து, கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்து வைத்திருந்தான். பள்ளிக்கூடச் சமையல்காரன். வீட்டிலும் அவன்தான் சமைப்பான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"இருபது வருஷமா நானும்தான் சொல்லிட்டிருக்கேன். நிமிந்து நில்லு, நிமிந்து நில்லுன்னு. கேட்டியா?"

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "சொன்ன. எப்படின்னு சொன்னியா?"

ம்லாதேன் யோசித்தான். "எப்படின்னா… நிமிந்துதான்."

"இவ்வளவுதான் உனக்கும் தெரியும். மீனைத் தள்ளு இப்படி."

சிறு வயதிலிருந்தே அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. அம்மா சொன்னாள். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் ஒருபடி மேலே போய், துடைப்பக் கட்டையை இரண்டு முழங்கைக்கும் பின்னால் செருகி மைதானத்தைச் சுற்றி நடக்கவிட்டார். துறைமுகத்தில் யாரும் நிமிரச் சொல்லவில்லை. அவளுக்குக் 'கொக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிரேனில் தொங்கும் கொக்கி. வைத்தவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்துக்கொண்டாள்.

சுகாதார நிலையத்தின் தரைத்தளத்தில் இருந்த பிசியோதெரபிஸ்டின் பெயர் பார்டோல். முப்பத்தொரு வயது. படகுத் துடுப்பைப்போல நீண்ட கைகள். அவளைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினான். குதிகால், இடுப்பு, முதுகு எல்லாம் சுவரில் படவேண்டும். தலையையும் பின்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தொடச் சொன்னான். அவள் எவ்வளவு முயன்றும் தலை போகவில்லை. தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூட அளவுகோலை நீட்டினான்.

"ஒம்பதரை சென்டிமீட்டர். இதை எழுதி வெச்சுக்குங்க ஷோரா. மாசாமாசம் அளப்போம்."

பிறகு கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தான். முகம் வைக்க ஓட்டை இருக்கும் கட்டில். அந்த ஓட்டை வழியே அவளுக்குத் தரையும் அவனுடைய செருப்பும் மட்டும் தெரிந்தன. முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தான்.

"கீழ்ப்பக்கம் அசையுது. மேல கழுத்துகிட்டயும் அசையுது. நடுவுல மூணு எலும்பு மட்டும் கல்லு மாதிரி இருக்கு. எக்ஸ்ரேலயும் அதேதான். மூணும் ஆப்பு மாதிரி முன்னாடி தேஞ்ச வடிவம். இது உங்களுக்குப் பதிமூணு, பதினாலு வயசுல வந்தது. எலும்பு வளர்றப்போ முன்பக்கம் சரியா வளரல. அது ஒரு நோய். அப்ப யாரும் படம் எடுத்துப் பார்க்கலையா?"

"நிமிந்து நில்லுன்னாங்க."

"எப்படி நிமிருவீங்க? எலும்பே அப்படி இருக்கும்போது? நீங்க சோம்பேறியா இருந்ததால வந்ததில்ல ஷோரா. யாராயிருந்தாலும் குனிஞ்சுதான் இருப்பாங்க."

அவள் முகம் ஓட்டைக்குள் இருந்தது நல்லதாகப் போயிற்று. மைதானத்தைச் சுற்றி நடந்த அந்தப் பதினாலு வயசுப் பெண் கண்முன் வந்தாள். முழங்கையில் கட்டை உரசிய இடம், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்த வகுப்புப் பிள்ளைகள், எல்லாம் வந்தன. முப்பத்துமூன்று வருடம் கழித்து அவளுக்கு வந்தது கோபம். அழுகை இல்லை.

"அந்த மூணையும் நேராக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியாது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு மேலயும் கீழயும் இருக்குறதெல்லாம் கூடச் சேர்ந்து குனிஞ்சு கிடக்கு. அதுகளை எழுப்பலாம். நெஞ்சுத் தசை சுருங்கியிருக்கு, நீட்டலாம். முதுகுத் தசை தூங்குது, உதைச்சு எழுப்பலாம்."

"உதைக்கிறதுக்கு நான் இருக்கேன். என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

அவன் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பார்க்கச் சின்ன வேலைகள். துண்டை இறுகச் சுருட்டி முதுகுக்குக் குறுக்கே வைத்து மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் மேலே நீட்டி மூச்சை நெஞ்சின் முன்பக்கம் நிரப்புவது. கதவு நிலையில் முழங்கையை ஊன்றி உடம்பை முன்னால் தள்ளி நெஞ்சை விரிப்பது. குப்புறப் படுத்து, கை ஊன்றாமல் மாரைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரம் தூக்கி நிறுத்துவது. ரப்பர் பட்டையைக் கதவுப்பிடியில் மாட்டிப் பின்னால் இழுப்பது. முதுகில் இரண்டு நாடா ஒட்டிவிட்டான். குனிந்தால் தோல் சுரீரென்று இழுக்கும். மறந்துபோய்க் குனியும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து கிள்ளுவதுபோல இருந்தது.

தினமும் விடிவதற்கு முன்னால் நாற்பது நிமிடம். ம்லாதேன் காபி வைத்துக்கொண்டே எட்டிப் பார்ப்பான். "கடல்நாய் கரை ஒதுங்கியிருக்கு" என்பான். "கரை ஒதுங்குனது கடிக்கும், போயிடு" என்பாள் அவள். வாரத்துக்கு இரண்டு நாள் பார்டோலிடம் போனாள். அவன் கையால் அழுத்தி அந்தக் கல்லைச் சுற்றி இருந்த இறுக்கத்தைத் தளர்த்தினான். மூன்றாவது வாரம் வந்தது, போனது. அவள் விடவில்லை.

ஐந்தாவது வாரம் சுவரோடு நின்றாள். பார்டோல் அளவுகோலை வைத்தான். எடுத்துவிட்டு மறுபடி வைத்தான்.

"ஒம்பதரை" என்றான் மெதுவாக.

"அளவுகோலைக் கொடு." அவளே அளக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையா? ஒரு நாள்கூட விடலையே நான்!"

"தெரியுது. தசை கெட்டிப்பட்டிருக்கு. ஆனா—"

"ஆனா என்ன ஆனா? நீ இங்க நாப்பது நிமிஷம் என்னை நிமித்துற. அங்க ஆறு மணி நேரம் கிரேன் என்னைக் குனிய வைக்குது. என் முதுகை நீ கட்டில்ல பார்க்குற. அது உருவாகுற இடத்தைப் பார்த்திருக்கியா?" கோபத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. அதன்பிறகு 'நீங்க' திரும்பவே இல்லை.

பார்டோலுக்கு முகம் வெளுத்தது. "எவ்வளவு உயரம் அது?"

"நாப்பது மீட்டர்."

"எனக்கு ரெண்டாவது மாடி பால்கனியே ஆகாது ஷோரா."

"எனக்கு வாசல் கூண்டு ஆகாது. சனிக்கிழமை ஏழு மணிக்கு வா. காத்து இருக்காதுன்னு சொல்லியிருக்காங்க."

வந்துவிட்டான். ஃபோர்மேன் லிவியோ பார்வையாளர் சீட்டு எழுதி, தலைக்கவசம் மாட்டிவிட்டு, "கண்ணைத் தொறந்தே ஏறு தம்பி, மூடிட்டு ஏறினா உயரம் ரெண்டு மடங்காத் தெரியும்" என்று தைரியம் சொன்னார். ஏணியின் ஒவ்வொரு தளத்திலும் பார்டோல் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்மில்யானா மேலிருந்து காத்திருந்தாள். அவளுக்கும் மூச்சு வாங்கியது. ஆனால் அவளைவிட மோசமாக ஒருவனுக்கு வாங்குவதைப் பார்க்க மனசுக்குள் கொஞ்சம் இதமாகவே இருந்தது.

கிரேன் உச்சியில் இருந்த ஓட்டுநர் கூண்டுக்குள் நுழைந்ததும் அவன் முதலில் செய்தது, மூலையில் உட்கார்ந்து கண்ணாடித் தரையைப் பார்க்காமல் இருந்தது. பிறகு தொழில் அவனைப் பிடித்துக்கொண்டது. அவள் வேலையைத் தொடங்கியிருந்தாள். கால்களுக்கு நடுவே கண்ணாடி. அதன் வழியே நாற்பது மீட்டர் கீழே கப்பல். சரக்குப் பெட்டியைப் பிடிக்க, தூக்க, நகர்த்த, லாரிமேல் இறக்க, ஒவ்வொன்றுக்கும் அவள் முன்னால் மடிந்து முழங்காலுக்கு நடுவே தலையை விட்டுக் கீழே பார்த்தாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றான் பார்டோல். அவளுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினான். "இந்தச் சாய்மானத்துல பிளாஸ்டிக் உறைகூடக் கிழியலயே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். உண்மைதான். உட்காரும் இடம் தேய்ந்து பஞ்சு பிதுங்கியிருந்தது. முதுகுச் சாய்மானமோ கடையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலவே உறைக்குள் பளபளத்தது. நான்கு வருடத்துக்கு முன் மாற்றிய இருக்கை. ஒருநாளும் சாயவில்லை. சாய்ந்தால் எதுவும் தெரியாது.

பார்டோல் உயரத்தை மறந்துவிட்டான். மண்டி போட்டு அளந்தான், அவளுடைய கண் போகும் கோட்டில் கையை நீட்டிப் பார்த்தான். தரைக் கண்ணாடியின் விளிம்பில் ஓடிய ஒரு இரும்புச் சட்டம்தான் பார்வையை மறைத்தது. இருக்கையை ஒரு சாண் முன்னால் நகர்த்தி, லேசாக முன்பக்கம் சரித்து, நெஞ்சு சாய ஒரு திண்டு வைத்தால் முதுகு வளையாமல் இடுப்பிலிருந்தே குனியலாம்.

"காலிக் கொக்கி திரும்பிக் கப்பலுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான்.

"நாப்பது செகண்ட்."

"அந்த நாப்பது செகண்டும் சாய்மானம் உங்களோடது. சாஞ்சு, தோளைப் பின்னால தள்ளி, ஒரு மூச்சு. பெட்டிக்கு ஒரு மூச்சு. ஒரு ஷிப்டுக்கு எத்தனை பெட்டி?"

"நூத்தம்பது வரும்."

"நூத்தம்பது தடவை நிமிருறீங்க. நாப்பது நிமிஷத்துல என்னால அதைத் தர முடியாது."

இருக்கையை நகர்த்த லிவியோ ஒத்துக்கொள்ளவில்லை. உணவுக்கூடத்தில் சூப்பைக் குடித்துக்கொண்டே கையை விரித்தார். "ஒரு ஆணியைக் கழட்டணும்னாலும் பொறியாளர் கையெழுத்து வேணும். ஒருத்தி முதுகுக்காக நான் மனு எழுதினா சிரிப்பாங்க. நானும் இருபத்திரண்டு வருஷம் ஓட்டினவன்தான். எனக்கு என்ன ஆச்சு?"

ஸ்மில்யானா எழுந்தாள். பார்டோலிடம் இருந்ததைப் போன்ற அளவுகோல் ஒன்று அவள் பையில் இருந்தது. ஐந்தாவது வாரம் அளந்த மறுநாளே கடையில் வாங்கி வைத்திருந்தாள்.

"எந்திரி லிவியோ. அந்தச் சுவத்துல சாஞ்சு நில்லு."

"சூப் ஆறிடும்."

"அரை நிமிஷம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற நான்கு கிரேன்காரர்களும் திரும்பினார்கள். அவர்களில் வாயாடியான டூயே, "என்ன, ஃபோர்மேனைச் சுட்டுத் தள்ளப் போறியா கொக்கி?" என்றான். சிரிப்பு எழுந்தது. லிவியோவும் சிரித்துக்கொண்டே போய் நின்றார். குதிகால், இடுப்பு, முதுகு. "இப்ப தலையைப் பின்னால கொண்டுபோ." லிவியோ கொண்டுபோனார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. தலை சுவரைத் தொடவில்லை. ஸ்மில்யானா அளவுகோலை நீட்டினாள்.

"பதினொண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. லிவியோ சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், சுவர் நகர்ந்துவிட்டதோ என்பதுபோல.

"அடுத்தது நீ டூயே."

டூயேவுக்கு ஏழு. மற்ற மூவருக்கும் ஆறு, எட்டு, ஐந்து. ஐந்து வந்தவனுக்கு வயது இருபத்தொன்பது. வேலைக்குச் சேர்ந்து நாலே வருடம்.

"பேப்பரை எடு" என்றார் லிவியோ. "எல்லா நம்பரையும் எழுது. பேரோட. என்னுதையும் எழுது."

அந்தப் பட்டியலோடு போன மனுவில் பொறியாளர் கையெழுத்து விழுந்தது. மூன்று வாரம் கழித்து, கப்பல் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை ஆட்கள் வந்து நான்காம் எண் கூண்டில் இருக்கையை நகர்த்தித் திண்டு பொருத்தினார்கள். முதல் வாரம் அவளுக்கு எல்லாமே கோணலாகப்பட்டது. இரண்டு பெட்டியைத் தப்பாக இறக்கி லாரிக்காரனிடம் திட்டு வாங்கினாள். ஆனாலும் காலிக் கொக்கி திரும்பும் ஒவ்வொரு முறையும் சாய்ந்தாள். பிளாஸ்டிக் உறையை அவளே கிழித்துப் போட்டாள்.

மூன்றாவது மாதம் அளவுகோல் ஏழேகால் காட்டியது.

அன்று வந்த சந்தோஷம் அவளைக் கெடுத்தது. நாற்பது நிமிடத்தில் இவ்வளவு என்றால் இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட்டாள். காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளையும் செய்தாள். ஒன்பதாம் நாள் மாரைத் தூக்கும்போது விலாவுக்குள் கத்தி செருகியதுபோல ஒரு வலி. தும்மினாலும் உயிர் போனது. பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. ம்லாதேன்தான் சட்டை மாட்டிவிட்டான். அந்தப் பத்து நாளும் அவன் ஒரு கிண்டல்கூடச் செய்யாதது அவளுக்கு வலியைவிடப் பயமாக இருந்தது.

பார்டோல் சத்தம் போட்டான். அவ்வளவு சாதுவானவன் சத்தம் போடுவான் என்று அவள் நினைக்கவே இல்லை. "முப்பது வருஷமா இறுகினதை ஒம்பது நாள்ல பிரிக்கப் பார்த்தா கிழியத்தான் செய்யும்! கப்பல்ல ஒரே தூக்குல ரெண்டு பெட்டி தூக்குவீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"கம்பி அறுந்துடும்."

"அப்ப?"

"சரிடா, விடு. எப்ப மறுபடி ஆரம்பிக்கலாம்?"

"மூச்சு மட்டும், நாளையிலேர்ந்து. மத்ததெல்லாம் நான் சொல்றப்போ."

சொன்னபடி கேட்டாள். அவளுக்கு அதுதான் எல்லாப் பயிற்சியிலும் கஷ்டமாக இருந்தது. நாற்பது நிமிடம் முடிந்ததும் எழுந்துவிடவேண்டும், ஒரு நிமிடம்கூடக் கூடாது. நான்காவது மாதம் ஏழேகாலிலேயே நின்றது. ஐந்தாவது மாதம் ஆறரை. கை காதைத் தொட்டது. ஒருநாள் ஏணியில் எப்போதும் மூச்சு வாங்க நிற்கும் நடுத்தளத்தில் நிற்க மறந்துபோய் மேலே ஏறிவிட்டாள். கூண்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது.

ஆறு மாதம் முடிந்து மூன்று டாக்டர்கள் முன்னால் நின்றாள். ஒர்லிச் ஒருவர். மற்ற இருவரும் வெளியூர். படியில் ஏறி இறங்க வைத்தார்கள், குழாயில் ஊத வைத்தார்கள், புது எக்ஸ்ரேயைப் பழையதன் பக்கத்தில் மாட்டினார்கள். வெளியூர் டாக்டர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இந்த மூணு எலும்பும் அப்படியேதான் இருக்கு."

"இருக்கும்" என்றாள் ஸ்மில்யானா. "அதுங்க பதினாலு வயசுலேர்ந்து அப்படித்தான். அதோட நான் சண்டை போடல. மத்ததைப் பாருங்க."

டாக்டர் ஒர்லிச் பென்சிலால் கோடு போட்டார். "அறுபது டிகிரி. தலைக்கும் சுவருக்கும் அஞ்சரை. மூச்சு அளவு நல்லாவே கூடியிருக்கு. வலி? இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்க."

"இருக்கு. ஷிப்ட் முடியுறப்போ வருது. முன்னாடி ரெண்டாவது மணியிலேயே வந்துடும்."

மூவரும் வெளியே போய்ப் பேசினார்கள். அவள் நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றாள். கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்து இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மணி நேரம் கீழே இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை. முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் ம்லாதேனுக்குப் போன் போட்டாள். பள்ளிக்கூடச் சமையலறை இரைச்சல் காதைப் பிளந்தது.

"ரெண்டு வருஷம்!" என்று கத்தினாள்.

"என்னது? சத்தமா சொல்லு, இருநூறு பேருக்கு மீன் பொரியுது!"

"ரெண்டு வருஷம் குடுத்துட்டாங்கன்னேன்!"

அந்தப் பக்கம் கரண்டி எதிலோ மோதும் சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "ம்லாதேன்? என்ன, அழறியா?"

"வெங்காயம்."

"மீனுக்கு எதுக்குடா வெங்காயம்?"

"சமையல் உனக்குத் தெரியாது, வாயை மூடு" என்றான் அவன். "அப்ப நாளையிலேர்ந்து விடிகாலை எழுந்து தரையில புரளுறது கிடையாது, இல்ல? ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கலாம்."

"யார் சொன்னா?" என்றாள் ஸ்மில்யானா. "இன்னும் அஞ்சரை பாக்கி இருக்கு. வர்றப்போ ஒரு புதுத் துண்டு வாங்கிட்டு வா. நல்ல கனமான துண்டா."